எதோடு ஒப்பிட்டு நார்மல்?

1. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

வரைபடத்தில் காலையில் ஆரஞ்சு நிறத்தில் இருந்த அணைக்கட்டுப் பகுதி, நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது மஞ்சளாகியிருந்தது. இடையில் ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. ஜன்னலுக்கு வெளியே கார் பார்க்கில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எங்கள் மழைமானி ஸ்டேஷன்கள் எதிலும் புதிதாக ஒரு மில்லிமீட்டர்கூடப் பதிவாகவில்லை. ஆனாலும் வறட்சி ஒரு படி இறங்கிவிட்டது.

நான் புவனா. கோலாலம்பூரில் ஒரு நீரியல் அலுவலகத்தில் மழைத் தரவு பார்க்கும் டெக்னிகல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் சாப்ட்வேர் பற்றிக் கேட்கிறார்கள். சாப்ட்வேரைச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது அந்த மஞ்சள் நிறத்தைப் பற்றி.

முதலில் எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஓர் இடத்தில் கடந்த மூன்று மாதங்களில் பெய்த மழையை எடுத்துக்கொள்வோம். அதே இடத்தில், அதே மூன்று மாதங்களில், முந்தைய முப்பது வருடங்களில் எவ்வளவு பெய்தது என்று பார்ப்போம். அதைவிடக் குறைவா, எவ்வளவு குறைவு என்பதை ஒரே எண்ணாக்கி அதற்கு ஒரு நிறம் கொடுப்போம். பச்சை என்றால் நார்மல். மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் கடுமை. சிவப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். மாதம் ஒரு முறை இந்த வரைபடம் புல்லட்டினாக வெளியே போகும். அணையைப் பார்க்கிறவர்கள், தண்ணீர் விநியோகிக்கிறவர்கள், ஆஸ்பத்திரிகள் என்று பலரும் அந்த நிறத்தை வைத்துத்தான் அடுத்த வேலையைத் தொடங்குவார்கள்.

ஒப்பிடுவதற்கு எடுக்கும் அந்த முப்பது வருடங்களுக்குப் பெயர் பேஸ்லைன். பத்து வருடத்துக்கு ஒரு முறை அதை முன்னால் நகர்த்த வேண்டும் என்பது முறை. பழைய பத்து வருடங்கள் வெளியே போகும், புதிய பத்து உள்ளே வரும். அன்று மதியம் நடந்தது அதுதான். யாரும் தப்பு செய்யவில்லை. முறைப்படி, அனுமதியோடு, சரியாக நகர்த்தினார்கள். நகர்த்தியதும் ஆரஞ்சு மஞ்சளானது.

எங்கள் செக்‌ஷன் தலைவர் தேவன். வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கி வந்தவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நல்ல மனநிலையில் இருந்தால் என்னை அக்கா என்பார். கோபம் வந்தால் மேடம் ஆகிவிடுவேன். நான் அவர் மேசைக்குப் போய் நின்றேன்.

"டாக்டர், மேல அணைக்கட்டுப் பக்கம் எப்படி மஞ்சளாச்சி?"

"பேஸ்லைன் மாறிடுச்சில்ல அக்கா. ரூல் அதுதான். உலகம் பூரா அப்படித்தான் செய்யுறாங்க. நம்ம மட்டும் பழைய காலத்துலயே உக்காந்திருக்க முடியாது லா."

"நகத்துங்க, வேணாங்கல. ஆனா புதுசா உள்ள வந்தது எந்தப் பத்து வருஷம்? வருஷத் தொடக்கத்துல காய்ஞ்சி காய்ஞ்சி கெடந்த வருஷங்க. காய்ஞ்சத காய்ஞ்சதோட வச்சிப் பாத்தா நார்மல்னுதான வரும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசிக்கிறார் என்று அர்த்தம்.

"சரி, பழசையே வச்சிக்கிட்டா என்னாகும்னு சொல்லுங்க. வருஷா வருஷம் ஆரஞ்சு வரும். மூணாவது வருஷம் எவனும் புல்லட்டின தொறந்துகூடப் பாக்கமாட்டான். எச்சரிக்கைனா எப்பவாச்சும் வந்தாத்தான் எச்சரிக்கை."

பதில் வராதபோது எனக்குக் கோபம் வரும். என் இடத்துக்குத் திரும்பி வந்து நாற்காலியைச் சத்தமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான் எரிச்சல்.

2. எறும்பு கட்டிய வறட்சி

என்னை ஆபீசில் சந்தேகப் பிராணி என்பார்கள். எந்த எண்ணைக் கொடுத்தாலும் இது எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். இந்தப் பழக்கம் கிள்ளானுக்குப் பக்கத்தில் இருக்கும் மேருவில் ஆரம்பித்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேருவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் மழைமானி வாரக்கணக்கில் பூஜ்யம் காட்டியது. மேலே ஒரு புனல், உள்ளே சின்னதாய் ஒரு வாளி; மழைநீர் நிரம்பினால் வாளி கவிழும், கவிழ்வதை இயந்திரம் எண்ணும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆபீசில் அந்த எண்ணைப் பார்த்து வறட்சி ஆரம்பம் என்று எழுதத் தயாரானார்கள். நேரில் பார்த்து வரலாம் என்று ஆபீஸ் காடியை ஓட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத் திடலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கேன்டீன் ஆன்டி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். புனலைத் திறந்து பார்த்தால், எறும்புகள் ஓட்டையை அடைத்து அழகாகக் கூடு கட்டியிருந்தன.

அன்றிலிருந்து பூஜ்யத்தைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்பேன். மழை இல்லையா? அல்லது அளக்கவில்லையா? நீளமான கணக்கு என்றால் இன்னும் மோசம். நடுவில் மரம் வளர்ந்து மழையை மறைத்திருக்கும். மானியைப் பக்கத்துக் கட்டிடத்து மொட்டை மாடிக்கு மாற்றியிருப்பார்கள். இருபது வருடத்தில் மழை குறைந்ததா, மரம் பெருத்ததா என்று தெரியாமல் கோடு போட்டால், அது மரத்தின் வளர்ச்சியைக் காட்டும் கோடாக இருக்கும்.

அணைக்கட்டுப் பக்கத்து ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றையும் நானே இப்படிச் சலித்து எடுத்திருந்தேன். எது இடம் மாறியது, எப்போது கருவி மாறியது என்று எல்லாம் பார்த்துத் திருத்தியாகிவிட்டது. அதற்குப் பிறகும் அங்கே வருடத் தொடக்கத்து வறண்ட வாரங்கள் நீண்டுகொண்டே போயின. வெயிலும் ஏறிக்கொண்டு போனதால், பெய்ததிலும் பெரும்பங்கு ஆவியாகிப் போனது. அது எறும்பு இல்லை. அதனால்தான் அந்த மஞ்சள் என்னை உறங்கவிடவில்லை.

3. மணியத்தின் எடை

இன்னொரு காரணமும் இருந்தது. என் தம்பி மணியம்.

அவன் கிள்ளானில் இருந்தான். போர்ட் கிள்ளானிலிருந்து கன்டெய்னர் லோரி ஓட்டியவன். எனக்கும் கல்யாணம் ஆகவில்லை, அவனுக்கும் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான். சர்க்கரை நோய் அவன் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. வாரம் மூன்று தடவை கிள்ளானில் ஒரு சின்னத் தொண்டு மையத்தில் டயாலிசிஸ். சனிக்கிழமை அவனைக் கூட்டிப் போவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவன் ரயில் ஏறி, கோலாலம்பூரில் நான் இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கு வருவான். என் வீட்டுக்குக் கீழே இருக்கும் வாழையிலைக் கடையில் சேர்ந்து சாப்பிடுவோம். அவனுக்கு விதித்த பத்தியத்தில் பாதி அங்கே காற்றில் பறக்கும். ரசத்தைக் கையில் ஊற்றிக் குடிக்கப் பார்ப்பான், நான் கையைத் தட்டிவிடுவேன்.

டயாலிசிஸுக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எனக்கே அவன் படுத்த பிறகுதான் உறைத்தது. ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கும் மேல் சுத்தமான தண்ணீர் இயந்திரத்துக்குள் போகிறது. குழாயில் தண்ணீர் நின்றால் இயந்திரம் நிற்கும். மையத்தின் கூரையில் இருந்த தொட்டி ஒரு நாளைக்குத் தாங்கும். அதற்கு மேல் தண்ணீர் லோரிதான். கிள்ளானுக்குத் தண்ணீர் கொடுக்கும் அந்த அணைக்கட்டுப் பக்கம் ஆரஞ்சு ஆனால் ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் மையங்களுக்கு முன்கூட்டியே லோரி ஒதுக்கி வைப்பார்கள். மஞ்சளுக்கு அது கிடையாது. எல்லோரோடும் வரிசையில் நிற்க வேண்டும்.

பேஸ்லைன் மாறிய அந்த வாரச் சனிக்கிழமை மையத்துக்குப் போனபோது, பொறுப்பு நர்ஸ் சிஸ்டர் லில்லி அவனை எடை இயந்திரத்தில் ஏற்றி நிறுத்தி முறைத்துக்கொண்டிருந்தார்.

"என்னா மணியம், ஐஸ் தண்ணி குடிச்சீங்களா?"

"இல்ல சிஸ்டர். வெயிட் நார்மல்தான காட்டுது? நீங்க வச்ச வெயிட்டுக்குச் சரியா இருக்கு பாருங்க."

"அதான் பிரச்சன" என்றார் சிஸ்டர். என் பக்கம் திரும்பினார். "அக்கா, கால அமுக்கிப் பாருங்க. குழி விழுது. உள்ள தண்ணி நிக்குது. வெயிட் மட்டும் மாறல. ஏன்? ஆளு சதை இளைச்சிட்டாரு. சதை போன எடத்துல தண்ணி வந்து உக்காந்திருக்கு. மெஷினுக்கு ரெண்டும் ஒன்னுதான்."

உடம்பில் கூடுதல் தண்ணீர் இல்லாமல் ஒரு ஆள் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு எடை வைப்பார்கள். அதுவரை தண்ணீரை உறிஞ்சுவார்கள். ஆள் இளைத்தால் அந்த எடையையும் இறக்க வேண்டும். சிஸ்டர் இறக்கினார்.

"அப்ப இனிமே இதுதான் என் நார்மலா?" என்று மணியம் கேட்டான்.

"மெஷினுக்கு இதுதான். ஆனா டாக்டர் வரும்போது நா பழசையும் சேத்துத்தான் சொல்லுவேன். இப்ப இவ்வளவு, போன வருஷம் அவ்வளவுன்னு. புதுசு மட்டும் சொன்னா டாக்டர் பாத்துட்டு ஸ்டேபிள்னு போயிடுவாரு. ஆளு உருகிட்டுப் போறது யாருக்குத் தெரியும்?"

மணியம் நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டினான். ஊசி ஏறியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டிருந்தேன். தேவன் கேட்டதற்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. பேஸ்லைனை நகர்த்தத்தான் வேண்டும். பழையதையும் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டும்.

4. வீட்டு ஆள்

திங்கட்கிழமை தேவனிடம் போனேன். புல்லட்டினில் இரண்டு வரி போடலாம் என்றேன். முதல் வரி, இப்போதைய முப்பது வருடங்களோடு ஒப்பிட்டு. இரண்டாவது வரி, மாறாத ஒரு பழைய காலத்தோடு ஒப்பிட்டு. அவர் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அக்கா, ஒன்னு கேப்பேன். கோபப்படக்கூடாது."

"கேளுங்க, அப்புறம் பாக்கலாம்."

"உங்க தம்பி அந்த கிள்ளான் சென்டர்லதான இருக்காரு?"

"ஆமா. வாரம் மூணு தடவ. அதுக்கென்ன?"

"ஆரஞ்சு ஆனா அந்த சென்டருக்கு லோரி வரும். நிறத்த மாத்தச் சொல்றவங்க வீட்டு ஆளே அங்க படுத்திருக்காருன்னு மேல யாராச்சும் கேட்டா, நா என்ன பதில் சொல்றது?"

மேசையில் ஸ்டேப்ளர் இருந்தது. அதை எடுத்து அவர் தலையில் போட்டிருப்பேன். முப்பது வருடத்துக்கு மேல் ஒரு எண்ணை ஒரு புள்ளிகூட ஏற்றி இறக்கியவள் இல்லை நான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதுவும் அந்த ஆளுக்கு முன்னால். அது வேறு அவமானம்.

ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது ஒன்று புரிந்தது. அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை. எண்ணைச் சந்தேகிக்கிறார். நான் மேருவில் எறும்புக் கூட்டைப் பார்த்த நாளிலிருந்து செய்வதும் அதைத்தான். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் புவனாவிடமிருந்து வந்தது என்று பதில் வரும். புவனாவின் தம்பி கிள்ளானில் இருக்கிறான். கேட்கத்தான் வேண்டும்.

"அப்ப நீங்களே செய்யுங்க. மூல டேட்டாவ எடுத்து, என் கை படாம, எல்லா ஸ்டேஷனுக்கும் போட்டுப் பாருங்க. எனக்குச் சாதகமா வரலைனா அதோட விட்டுடறேன்" என்றேன்.

"சரி மேடம்" என்றார். கோபத்தில் சொன்ன மேடம் இல்லை அது.

வாரக் கடைசியெல்லாம் உட்கார்ந்து அவரே போட்டார். அடுத்த திங்கட்கிழமை நான் பையை வைப்பதற்குள் என் மேசைக்கு வந்தார். முகம் சரியில்லை.

"அக்கா, காஜாங் பக்கம் ரெண்டு பேஸ்லைனும் ஏறக்குறைய ஒரே பதில்தான் சொல்லுது. கரையோரத்துல பழசு வச்சா இன்னும் ஈரமாகூட வருது. அணைக்கட்டுப் பக்கம்தான் ரெண்டும் பிரியுது. நல்லாவே பிரியுது."

"நா சொன்னனே."

"சொன்னீங்க. இன்னொன்னு யோசிச்சேன். அந்த அணையக் கட்டினப்ப எந்த மழைய நம்பிக் கட்டினாங்க? பழைய மழைய. நம்ம நார்மல மாத்திக்கலாம். அணை மாத்திக்காதுல்ல?"

அந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். எத்தனையோ கூட்டங்களில் பிறகு நான் அதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் பெயரைச் சேர்த்துத்தான் சொல்வேன்.

மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்றார்கள். வறட்சி அளவுகோலை மாதம் ஒரு விதமாக மாற்ற முடியாது, ஆலோசித்துச் செய்ய வேண்டும் என்றார்கள். அதுவும் நியாயம்தான். அந்த மாத புல்லட்டின் மஞ்சளாகவே போனது.

நான் சிஸ்டர் லில்லிக்குப் போன் போட்டேன். தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இந்த மஞ்சள்மேல் நம்பிக்கை இல்லை என்றேன்.

"நெறஞ்சிதான் இருக்கு அக்கா. ஒரு நாளைக்கு வரும். லோரிக்கு முன்னாடியே சொல்லி வச்சிடலாம்னு கேட்டேன். உங்க ஏரியா இன்னும் மஞ்சள்தான், லைன்ல வாங்கன்னுட்டாங்க."

5. அரை டேங்க்

ஆற்றில் நீர்மட்டம் இறங்கி, சுத்திகரிப்பு நிலையத்தால் தண்ணீர் எடுக்க முடியாமல் போனது. அணையிலிருந்து திறந்துவிடவும் அணையில் மிச்சம் அதிகம் இல்லை. கிள்ளானில் ஒரு பெரிய பகுதிக்குக் குழாய் காய்ந்தது. பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறக்கவே கூசியது.

மையத்தில் முதல் நாள் தொட்டித் தண்ணீரில் ஓட்டினார்கள். இரண்டாம் நாள் லோரி வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு, பள்ளிக்கூடங்களுக்கு, அடுக்குமாடி வீடுகளுக்கு என்று வரிசை நீண்டிருந்தது. சிஸ்டர் ஒரு முடிவெடுத்தார். யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. இருக்கும் தண்ணீரில் எல்லோருக்கும் பாதி நேரம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மணியத்துக்கும் பாதிதான். நான் போனில் பேசியபோது சிரித்தான்.

"என்னா அக்கா நீ. அரை டேங்க்ல போர்ட் கிள்ளான் போயிட்டு வந்தவன் நா. ரெண்டு நாள் தாங்கமாட்டனா?"

"டேய், ஐஸ் கட்டி வாயில போடாத. தண்ணி தொடாத. கேட்டியா?"

"தண்ணிதான் கட் ஆயிடுச்சே, எங்க போய் குடிக்கிறது?"

அடுத்த முறையும் பாதிதான் கிடைத்தது. அதற்கு மறுநாள் காலை அவன் போன் வந்தது. எடுத்தால் பேச்சு இல்லை, மூச்சுதான் கேட்டது. நான் வேலைக்குப் போட்ட உடுப்போடு காடியை எடுத்தேன். பெடரல் ஹைவேயில் எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. கதவைத் திறந்தபோது கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கையால் காட்டினான். நுரையீரலுக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். ஊரெல்லாம் தண்ணீர் இல்லை என்கிறார்கள், என் தம்பி உள்ளுக்குள்ளே தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். அந்த வாரத்திலேயே மழையும் வந்தது, குழாயில் தண்ணீரும் வந்தது. அவன் வீடு திரும்பினான். ஆனால் அதற்குப் பிறகு பழைய மணியம் இல்லை. மாடிப்படியில் நடுவில் நின்று மூச்சு வாங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கிள்ளானுக்குப் போய்க் கூட்டி வந்தேன். ரசத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டான். கையைத் தட்டிவிட வேலை இல்லாமல் நானும் சாப்பிட்டேன்.

சில மாதங்கள் கழித்து அவன் இதயம் நின்றது. பகல் தூக்கத்தில் போய்விட்டான்.

அந்தப் பாதி நேர டயாலிசிஸால்தான் செத்தானா என்று நிறைய பேர் கேட்டார்கள். டாக்டர் அப்படி எழுதவில்லை. நானும் சொல்லமாட்டேன். ஒரு நாள் வெயிலைக் காட்டிக் காலநிலை மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஒரு நாளை வைத்து ஒரு போக்கைச் சொல்லக்கூடாது. சர்க்கரை இருந்தது, பழைய சிகரெட் இருந்தது, இளைத்துக்கொண்டே போன உடம்பு இருந்தது. அந்த வாரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. இவ்வளவுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தவரை சொல்வதுதான் என் தொழில். ஆனால் தம்பி விஷயத்தில் அந்தத் தொழிலைச் செய்வது மனதுக்கு ரொம்பக் கொடுமையாக இருந்தது.

6. இரண்டாவது வரி

காரியமெல்லாம் முடிந்து ஆபீசுக்குப் போன முதல் நாள், தேவன் என் மேசைக்கு வந்து நின்றார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, அந்த பேப்பர நா திரும்ப மேல கொண்டு போறேன். உங்க பேரு அதுல வேணாம். உங்க தம்பி விஷயத்தையும் நா சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்க. அழுதா மாத்தினோம்னு ஆயிடும். எண்ண வச்சி மாத்துங்க."

இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை ஒத்துக்கொண்டார்கள். அவருடைய பழைய பயத்துக்கும் அவரே வழி கண்டிருந்தார். முதல் வரியின் நிறம் பொதுமக்களுக்கு. அது இப்போதைய நார்மலோடு ஒப்பிடும், அடிக்கடி அலறாது. இரண்டாவது வரி அணையை நம்பி இருக்கிறவர்களுக்கு. அது அணை கட்டிய காலத்து மழையோடு ஒப்பிடும். லோரி ஒதுக்குவது இரண்டாவது வரியைப் பார்த்து. நான் யோசித்ததைவிட அது நல்ல ஏற்பாடு. நான் இரண்டு வரி கேட்டேன், எந்த வரி யாருக்கு என்று அவர்தான் சொன்னார்.

அடுத்த வறண்ட பருவம் வந்தபோது முதல் வரி மஞ்சள் காட்டியது. இரண்டாவது வரி ஆரஞ்சு. குழாய் காய்வதற்கு முன்பே கிள்ளானுக்கு லோரி ஒதுக்கிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை எனக்குக் கிள்ளானில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போனேன். மையத்து வாசலில் நீல நிறத் தண்ணீர் லோரி நின்றது. தடித்த குழாய் சுவரோடு ஏறி மேல்தொட்டிக்குப் போனது. டிரைவர் நிழலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னா ஆன்டி, உள்ள உங்க ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

"இருந்தாங்க" என்றேன்.

உள்ளே மணியத்தின் நாற்காலியில் ஒரு அம்மா சாய்ந்திருந்தார். முழு நேரம் ஓடியது இயந்திரம். நாக்கு வறண்டு போகிறது என்று சிஸ்டர் லில்லியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சிஸ்டர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அங்கேயே நின்று அழுதேன். சந்தோஷமும் இருந்தது அதில், இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த அம்மா தன் சண்டையை விட்டுவிட்டு, யாருக்காக அழுகிறேன் என்று தெரியாமலேயே எனக்கு டிஷ்யூ நீட்டினார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். நார்மல் என்று எழுதுவதற்கு முன்னால், எதோடு ஒப்பிட்டு நார்மல் என்று பக்கத்தில் எழுதுங்கள். பேஸ்லைன் நகரட்டும், வாழ்கிறவர்களுக்கு அது தேவை. ஆனால் எங்கிருந்து நகர்ந்தோம் என்பதை யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள். பழகிவிட்டால், குறைந்துபோனது கண்ணுக்குத் தெரியாது.

நான் இன்னமும் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதே வாழையிலைக் கடைக்குத்தான் போகிறேன். அங்கே வெகுநாளாக இருந்த சர்வர், மணியம் போன பிறகும் சில வாரம் கேட்காமலேயே இரண்டு இலை போட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு ஒன்றை எடுப்பார். அப்புறம் பழகிவிட்டார். நான் உட்கார்ந்ததும் ஒரே இலை வந்தது. அவர்மேல் தப்பில்லை.

போன மாதம் தமிழ்நாட்டிலிருந்து புது சர்வர் ஒருவர் வந்திருக்கிறார். என்னைத் தெரியாது. மேசையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தன பேரு அக்கா?"

"இப்ப ஒருத்தர்" என்றேன். "முன்ன ரெண்டு பேர்."